ரிவியூவ உள்ளபடி எழுதுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். இலங்கை மலைநாட்டுல எல்ல, ஹப்புத்தளை ஊர்ப் பக்கம் வீட்டுல ரெண்டு ரூம ஒதுக்கி ஹோம்ஸ்டே நடத்துறவங்களுக்கு முன்ன தங்கிட்டு போனவங்க எழுதுற ரிவியூதான் பெரிய பலம், முகந்தெரியாத ஒருத்தர் அத நம்பித்தான் ரயில்ல வந்து எறங்குறாரு. ஏர்பிஎன்பிங்கிற ரூம் புக் பண்ற தளத்துல, தங்கி முடிச்சு 14 நாளுக்குள்ள தங்குனவரு, வீட்டுக்காரருன்னு ரெண்டு பக்கமும் எழுதலாம், ரெண்டு பேரும் எழுதுற வரைக்கும் இல்லாட்டி அந்த 14 நாள் முடியுற வரைக்கும் ஒருத்தர் எழுதினது மத்தவருக்கு தெரியாது, அதனால பயப்படாம உண்மைய எழுதலாம். ஆனா சிலர் சொந்தக்காரங்கள வச்சே அஞ்சு ஸ்டார் போட வைக்கிறாங்க, இது பக்கத்து வீட்டுக்காரரோட பொழப்பையும் சேத்து கெடுக்குது. சுடுதண்ணி வரலன்னா வரலன்னே எழுதட்டும், அதுக்கு கீழ ஹீட்டர் மாத்தியாச்சுன்னு வீட்டுக்காரர் மரியாதையா பதில் போட்டா எனக்கு வெறும் புகழ்ச்சிய விட அதுலதான் நம்பிக்கை வருது. மழைக்கு ரோடு எப்பிடி, ஏற படி எத்தன, இதையும் எழுதுங்க, வயசானவங்கள கூட்டிட்டு வர்றவங்க அதத்தான் தேடுறாங்க.

- ஒரு வாசகர், பண்டாரவளை