மாணவர் குறும்படங்களில் ஒலியமைப்புக்கும் மதிப்பெண் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காட்சித் தொடர்பியல் பயிலும் இறுதியாண்டு மாணவர்கள் பாடத்திட்டத்தின் பகுதியாக எடுக்கும் குறும்படங்களைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். கைப்பேசியிலேயே வினாடிக்கு 24 சட்டகங்கள் (ஃபிரேம்கள்) என்ற கணக்கில் தெளிவாகப் படம்பிடிக்க முடிவதால், காட்சியழகில் அவை வியக்க வைக்கின்றன. ஆனால் பாத்திரங்கள் பேசத் தொடங்கியதும் மின்விசிறியின் இரைச்சலும் தெருவில் செல்லும் வண்டிகளின் சத்தமும் வசனத்தை விழுங்கிவிடுகின்றன. இதற்கு மாணவர்களைவிட, ஒலிக்கெனத் தனி மதிப்பெண் ஒதுக்காத மதிப்பீட்டு முறையே காரணம் என்பது என் உறுதியான கருத்து.

கேமரா வாடகைக்கே கையிருப்பை எல்லாம் செலவிடும் குழுவினர், சட்டையில் பொருத்தும் சிறிய மைக் ஒன்றைப் பயன்படுத்தி, ஒவ்வொரு படப்பிடிப்பு இடத்திலும் யாரும் பேசாதபோது அங்குள்ள இயல்பான பின்னணி ஒலியை அரை நிமிடம் தனியே பதிவு செய்துகொண்டால், படத்தொகுப்பில் வசனங்களுக்கு இடையே ஒலி அறுபடாமல் காக்கலாம். இதைக் கற்றுத்தர விலையுயர்ந்த ஒலிக்கூடம் தேவையில்லை.

பின்னணியில் திரைப்பாடல்களை ஒட்டும் வழக்கமும் தொடர்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் ஒலிப்பதிவுகளுக்கு 60 ஆண்டுகள் பாதுகாப்பு அளிப்பதால், அனுமதி பெறாத படங்களை விழாக்களுக்கு அனுப்புவது சிக்கலாகிறது. அதே வளாகத்தில் பறையோ புல்லாங்குழலோ வாசிக்கும் மாணவர் இருக்கக்கூடும் என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

எனவே, பல்கலைக்கழகங்கள் ஒலியமைப்புக்கும் திரைக்கதைக்கும் தனித்தனியே மதிப்பெண் ஒதுக்குவதுடன், படப்பிடிப்புக்கு முன்பே திரைக்கதையை வாசித்துத் திருத்தும் அமர்வையும் கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஊடகவியல் ஆசிரியர் ஒருவர்,
திருச்சி.