ரூத் மீண்டும் சிறுமியான பக்கம்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய ‘தி சில்வர் ஸோர்ட்’ நாவலை நேற்றிரவு படித்து முடித்தேன். வளரிளம் பருவத்தினருக்கான போர்க்காலச் சாகசக் கதைதான், இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று எழுதியிருந்தாய். எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. நடை கடினம் என்பதற்காக அல்ல. ரூத் வரும் பக்கங்களையெல்லாம் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

1956இல் வெளிவந்த இந்நாவலை எழுதிய இயன் செராலியர் இங்கிலாந்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது மனச்சான்றின் பேரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர். அதைத் தெரிந்துகொண்ட பிறகு, ஒரு போர் நாவலில் போர்க்களமே வராமல் போனது எனக்கு வியப்பாக இல்லை. போலந்தின் வார்சா நகரில், வகுப்பறையில் ஹிட்லரின் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்ததற்காகத் தலைமையாசிரியர் ஜோசப் பாலிக்கி கைதாகிறார். பின்னர் அவர் மனைவி மார்கிரிட்டையும் நாஜிகள் கொண்டு போகிறார்கள். அந்த வண்டியை நோக்கி மகன் எடெக் துப்பாக்கியால் சுடுகிறான். வண்டி நிற்கவில்லை, ஆனால் அதற்குத் தண்டனையாக அவர்களுடைய வீடு வெடி வைத்துத் தகர்க்கப்படுகிறது. துப்பாக்கியை எடுத்தால் என்ன ஆகும் என்பதை அந்த ஒரே காட்சியில் சொல்லிவிட்டு, அதன் பிறகு கதையை 13 வயதுகூட நிறையாத மூத்த மகள் ரூத்தின் கையில் ஒப்படைத்துவிடுகிறார் ஆசிரியர்.

அவள் செய்வதைப் பார். தம்பியையும் மூன்று வயதுத் தங்கை ப்ரோன்யாவையும் கூட்டிக்கொண்டு கூரைகளின் வழியே தப்பி, இடிந்த கட்டடம் ஒன்றின் நிலவறையில் குடியேறுகிறாள். சிறிது காலத்தில் அங்கேயே பிள்ளைகளைச் சேர்த்துப் பள்ளிக்கூடம் நடத்தத் தொடங்குகிறாள். இதைக் கதாசிரியரின் ஆசைக் கற்பனை என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது. ஆக்கிரமிக்கப்பட்ட போலந்தில் நாஜி நிர்வாகம் போலிஷ் மக்களுக்கான உயர்நிலைப் பள்ளிகளையும் பல்கலைக்கழகங்களையும் மூடியபோது, ஆசிரியர்கள் வீடுகளுக்குள் மறைவாக வகுப்பு நடத்தினார்கள். பிடிபட்டால் வதைமுகாமோ மரணமோ காத்திருக்கும் என்று தெரிந்தே நடத்தினார்கள். மலையைக் கடந்து தப்பும் ஜோசப்பின் சாகசத்தைவிட, குளிரில் ஒடுங்கிக் கிடக்கும் பிள்ளைகளுக்கு நாள்தோறும் பாடம் என்று ஒன்றை ஏற்படுத்திக் கொடுத்த இந்தச் சிறுமியின் பிடிவாதம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஒரு குறையையும் உன்னிடம் சொல்ல வேண்டும். அந்த நிலவறை இருக்கும் அதே வார்சா நகரில், 1940 நவம்பரில் மதில் எழுப்பி மூடப்பட்ட கெட்டோ என்னும் யூதர் அடைப்புப் பகுதிக்குள் 4 லட்சத்துக்கும் அதிகமான யூதர்கள் அடைக்கப்பட்டிருந்தார்கள். 1943 ஏப்ரலில் அங்கே எஞ்சியிருந்தவர்கள் கிளர்ந்தெழுந்து போரிட்டு அழிந்தார்கள். நாவலில் இதற்கு இடமே இல்லை. இளம் வாசகர்களுக்காக எழுதப்பட்டது என்பதை இதற்குச் சமாதானமாக என்னால் ஏற்க முடியவில்லை. எடெக் ரயிலின் அடியில் தொற்றிக்கொண்டு பனிக்கட்டியாய் உறைந்துபோன கதையை அந்த வாசகர்கள் தாங்குவார்கள் என்று நம்பிய ஆசிரியர், இதையும் தாங்குவார்கள் என்று நம்பியிருக்கலாம். தந்தை இடிபாடுகளில் கண்டெடுத்த அந்தச் சிறு வெள்ளி வாள், உண்மையில் அது காகிதம் வெட்டும் கத்திதான், யான் என்னும் அநாதைச் சிறுவன் வழியாக அவருடைய பிள்ளைகளிடமே வந்து சேர்வது மிகவும் வசதியான தற்செயல் என்பதும் உண்மை. ஆனால் அந்தச் சிறுவனை எனக்கு மிகவும் பிடித்துவிட்டதால் அதைப் பெரிதுபடுத்த மனம் வரவில்லை.

1944 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கி 63 நாள் நீடித்த, நாஜிகளுக்கு எதிரான வார்சா எழுச்சி தோற்ற பிறகு, அவர்கள் மக்களை வெளியேற்றிவிட்டு, நகரத்தைத் தெருத்தெருவாகத் திட்டமிட்டுத் தரைமட்டமாக்கினார்கள். அப்படிப்பட்ட இடத்திலிருந்துதான் 1945இல் இந்தப் பிள்ளைகள் பெற்றோரைத் தேடிச் சுவிட்சர்லாந்துக்குப் புறப்படுகிறார்கள். எடெக்குக்குக் காசநோய், யானுக்குத் திருடும் பழக்கம், ப்ரோன்யா இன்னும் சிறு குழந்தை. இவர்களை அழைத்துப் போவது என்றால், எப்போது ஓய்வெடுப்பது, யாரிடம் உதவி கேட்பது, இருக்கும் உணவை எப்படிப் பங்கிடுவது என்று ஒவ்வொரு வேளையும் ஒருத்தி முடிவெடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். போரில் தம் மகன்களை இழந்த பவேரிய விவசாயி அவர்களை மறைத்து வைத்துக்கொள்வதும், கான்ஸ்டன்ஸ் ஏரியின் புயலில் யான் தன் உயிரான நாயை விட்டுவிட்டு எடெக்கைக் காப்பாற்றுவதும் மனத்தை உலுக்கும் இடங்கள். அந்தச் சிறுவனை அந்த நிலைக்குக் கொண்டு வந்தவளும் ரூத்தான் என்பதைப் புத்தகம் உரக்கச் சொல்வதில்லை.

இனி நான் எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். குடும்பம் ஒன்றுசேர்ந்த பிறகு, கடைசி அத்தியாயத்தில், ரூத் சின்னஞ்சிறு குழந்தையைப் போல ஆகிவிடுகிறாள். தாயை ஒட்டிக்கொண்டு திரிகிறாள். தாய் செய்வதையெல்லாம் தானும் செய்கிறாள். அத்தனை காலம் எல்லோருக்கும் தாயாக இருந்தவள் அவள். சில வரிகள்தான், பிறகு அவள் அதிலிருந்து மீண்டும்விடுகிறாள். வேறொரு சாகச நாவலாக இருந்தால் தழுவலோடும் கண்ணீரோடும் கதை முடிந்திருக்கும். அந்தச் சில வரிகளின் ஓரத்தில் மங்கிப்போன பென்சில் கோடு ஒன்று இருக்கிறது. அது உன் கோடு என்று எனக்குத் தெரியும்.

உனக்கு 14 வயதானபோது நான் எட்டு மாதம் படுக்கையில் கிடந்தேன். தம்பியைக் குளிப்பாட்டி, பள்ளிக்கு அனுப்பி, எனக்கு மருந்து கொடுத்து, உன் தேர்வையும் எழுதினாய். நான் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகுதான் நீ மாறினாய். இரவில் என் பக்கத்தில் வந்து படுத்தாய். அதுவரை நீயே சீவிக்கொண்ட தலையை என்னிடம் நீட்டினாய். எந்தச் சட்டை அணிவது என்பதைக்கூட என்னைக் கேட்டாய். ‘இத்தனை பெரிய பெண்ணுக்கு இது என்ன பழக்கம்’ என்று உன்னைக் கடிந்துகொண்டேன். நோயிலிருந்து எழுந்த களைப்பில், என் பாரம் இன்னும் குறையவில்லையே என்றுதான் அன்று நினைத்தேன். நீ அந்த எட்டு மாதத்தையும் இறக்கி வைக்க இடம் தேடினாய் என்பது எனக்குப் புரியவில்லை. ஓரிரு வாரத்தில் அதை நிறுத்திவிட்டாய். பழக்கம் போய்விட்டது என்று நான் நிம்மதியடைந்ததும் நினைவிருக்கிறது.

மார்கிரிட் முகாம்களைக் கடந்து வந்தவள். என்னைவிட எவ்வளவோ களைத்திருப்பாள். அவளால் அந்தப் பெண்ணைத் தன்னோடு வைத்துக்கொள்ள முடிந்திருக்கிறது. என்னால் முடியவில்லை. அன்று நான் உன்னிடம் சொன்னது தவறு. அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நீ ஏன் இந்தப் புத்தகத்தை இப்போது அனுப்பினாய் என்று கேட்க மாட்டேன். அந்தக் கோட்டை எந்த வயதில் போட்டாய் என்பதை மட்டும், சொல்ல விருப்பமிருந்தால், எழுது. அடுத்த முறை வரும்போது உன் தலையை நான் வாரிவிடுகிறேன். வேண்டாம் என்றாலும் பரவாயில்லை. சீப்பை எடுத்து வைத்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா