கண்ணனுக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள கண்ணா,

இங்கே எல்லாரும் நலம். அங்கே குளிர் தொடங்கியிருக்கும், ராத்திரியில் தலைக்குக் குளிக்காதே. வேளாவேளைக்குச் சாப்பிடு.

எகிப்து போய்வந்தாயிற்று. வருஷம் திரும்புவதற்குள் என்ன ஊர் சுற்றல் என்று உன் அத்தை கேட்டாள். அவள் தம்பி ஆசை ஆசையாய்ப் பணம் கட்டிவைத்த டூர், நான் என்ன செய்ய? அவர் சீட்டில் உன் அக்கா வந்தாள்.

பிரமிடெல்லாம் போட்டோவில் பார்த்ததுதான். மனசில் நின்றது அபிதோஸ் என்கிற ஊர். செத்தவர்களுக்கு ராஜாவான ஒசிரிஸ் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறான் என்று அந்தக் காலத்து நம்பிக்கை. தம்பி சேத் வெட்டிப்போட்ட உடம்பை, பெண்டாட்டி ஐசிஸ் அலைந்து தேடிச் சேர்த்தாளாம். அந்த மண்ணில் சுமார் 3,300 வருஷத்துக்கு முன்னால் முதலாம் சேத்தி என்கிற ராஜா கோயில் கட்டினான். வரிசையாய் ஏழு சன்னதி. ஒசிரிஸ், ஐசிஸ், மகன் ஹோரஸ் என்று போய், தனக்கும் ஒன்று வைத்துக்கொண்டான். அவன் பெயரிலேயே கொலைகாரன் சேத் இருக்கிறானே, அதனால் இங்கே அந்த எழுத்தை மாற்றிச் செதுக்கியிருக்கிறார்கள்.

கோயில் முடியுமுன் சேத்தி போய்விட்டான். மகன் இரண்டாம் ராமேசஸ்தான் வந்து முடித்தான். உள்மண்டபத்தில் அப்பா காலத்து வேலை புடைப்புச் சிற்பம்; துணி மடிப்பு வரை அவ்வளவு நேர்த்தி. முன்மண்டபத்தில் மகன் செய்தது குழித்து வெட்டியது. அவசர வேலை என்று எனக்கே தெரிந்தது. செய்ததைப் பெருமையாகச் சுவரில் வேறு எழுதிக்கொண்டான். இருக்கட்டும், வந்து செய்தானே.

சேத்தியின் கல்லறை லக்சரில், ராஜாக்கள் பள்ளத்தாக்கில். 1817-ல் பெல்சோனி என்கிற இத்தாலிக்காரர் கண்டுபிடித்தது. சவப்பெட்டி அங்கே இல்லை. 1824-ல் சோன் என்பவர் 2,000 பவுண்டுக்கு வாங்கி, இப்போது உன் லண்டனில்தான் இருக்கிறது. சோன் மியூசியம், கட்டணம் கிடையாதாம். ஒரு சனிக்கிழமை போய்ப் பார். பெட்டியின் அடியில் நூத் அம்மன் உருவம் இருக்குமாம். செத்தவன் அவள் மேல் படுத்திருப்பான்.

இன்னொன்று. அந்தக் காலத்து எகிப்தில் செத்தவர்களுக்குக் கடுதாசி எழுதுவார்களாம், சோறு வைக்கிற கிண்ணத்திலேயே. சாப்பிட வருகிறவர் படித்துத்தானே ஆகவேண்டும்! ஒரு மனுஷன், செத்துப்போன பெண்டாட்டியிடம், உனக்கு நான் என்ன குறை வைத்தேன் என்று பாப்பிரஸில் சண்டை போட்டிருக்கிறான். நான் எழுதி என்ன பிரயோஜனம்? உன் அப்பா உன் கட்சிதான் பேசுவார்.

உனக்குப் பதவி உயர்வு கிடைத்தது அக்கா சொல்லித்தான் தெரியும். தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். பால்காரர் வரை விசாரித்தார். என்னிடம் நீயே சொல்லியிருக்கலாம். போகட்டும், நேரத்துக்குச் சாப்பிடு.

தலைத்திவசம் தை அமாவாசைக்கு முந்தின வாரம் வருகிறது. யார் உட்காருவது என்று ஐயர் கேட்டார். கொள்ளி வைத்தவன்தானே, நானே உட்காருகிறேன் என்கிறான் உன் சித்தப்பா மகன். நல்ல பிள்ளை. பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். டிசம்பரில் டிக்கெட் விலை ஏறிவிடுமாம், அக்கா சொல்லச் சொன்னாள்.

மாடி ரூமில் கீசர் வேலை செய்யவில்லை. ஆள் வரச் சொல்லட்டுமா என்று மட்டும் எழுது.

அம்மா