ஒன்பது தொகுதிகளையும் அச்சுக்கு விடுங்கள்: ‘கேண்டி கேண்டி’ படைப்பாளிகளுக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய கதாசிரியர் மிசுகி க்யோகோ அவர்களுக்கும் ஓவியர் இகராஷி யுமிகோ அவர்களுக்கும்,

வணக்கம். 2025 ஜனவரியில் ‘ரோஸ் ஆஃப் வெர்சாய்’ புதிய அனிமே (ஜப்பானிய அசைபடம்) படமாக ஜப்பானில் வெளியானது. அதன் மூலமான மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதைத் தொடர், தொடங்கியது 1972இல். படம் பார்த்து அதன் நாயகி ஆஸ்கரை முதன்முதலாக அறிந்தவர்கள் கடைக்குப் போய் மூலத்தை வாங்க முடிகிறது. அதற்கு மூன்று வயது இளையது உங்கள் ‘கேண்டி கேண்டி’. அது எங்கே கிடைக்கும் என்று கேட்பவருக்குப் பழைய புத்தகக் கடையைத்தான் கைகாட்ட வேண்டியிருக்கிறது. ‘கிளாஸ் மாஸ்க்’ மங்கா 1976இல் தொடங்கி இன்னும் முடியவில்லை என்று அதன் வாசகர்கள் புலம்புகிறார்கள். முடியாத கதையையாவது அவர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள். முடிந்த கதைக்கு எங்களுக்கு வழியில்லை.

இந்த மங்காவின் உரிமை பற்றி உங்கள் இருவருக்கும் இடையே நடந்த வழக்கின் கதை உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் கோரிக்கை ஒன்றுதான். 1975 முதல் 1979 வரை ‘நகாயோஷி’ இதழில் வந்து ஒன்பது தொகுதிகளான அந்த மங்காவை, மாற்றமில்லாமல், மறுபடி அச்சுக்கு விடுங்கள்.

கதையில் வரும் நியூயார்க் மருத்துவமனையின் படிக்கட்டை எடுத்துக்கொள்வோம். தன்மேல் விழவிருந்த விளக்கிலிருந்து தன்னைக் காப்பாற்றிக் காலை இழந்த சுசன்னாவை, கேண்டியின் காதலன் டெரியால் விட்டுவர முடியாது. படியிறங்கும் கேண்டியை அவன் பின்னாலிருந்து கட்டிக்கொள்கிறான். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. ஷோஜோ எனப்படும் சிறுமியர் மங்காவில் பிரிவை இத்தனை அடக்கமாக வரைந்த இடங்கள் குறைவு. இந்தப் பக்கங்களை இன்று பலரும் பார்ப்பது கள்ள ஸ்கேனில். அதில் என்ன கெடுகிறது என்பது ஓவியருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

நிழலுக்கு ஒட்டும் டோன் தாளில் ஓர் அங்குலத்துக்கு 60 வரிசைப் புள்ளிகள் என்பது பரவலான அளவு. மூலத்தாள் கையடக்கத் தொகுதியாக ஏறக்குறையப் பாதிக்குச் சுருங்கும்போது அது 120ஐ நெருங்கிவிடும். அதை 150 டிபிஐயில் (அங்குலத்துக்கு 150 புள்ளி) ஸ்கேன் செய்தால் புள்ளியும் ஸ்கேனரின் கட்டமும் மோதி, இருட்டெல்லாம் கட்டம்போட்ட லுங்கித் துணியாகிவிடுகிறது. 600 டிபிஐயில் எடுத்தாலும் திரைக்காகக் கண்மூடித்தனமாகச் சுருக்கினால் அதே கோலம்தான். மெல்லிய இமைக்கோடுகள் முதலில் உதிர்கின்றன. பிறகு கண்ணுக்குள் இருக்கும் மினுக்கம். பாத்திரம் அழுகிறதா இல்லையா என்பதே அந்தக் கோடுகளில்தான் இருக்கிறது.

நல்ல ஸ்கேன் எடுப்பதுதானே என்று கேட்கலாம். பசை பைண்டிங் போட்ட தொகுதி முழுதாக விரியாது. நடு மடிப்பில் விழும் வசனங்களும் பாதி முகமும் நிழலுக்குள் போய்விடும். முழுப் பக்கமும் வேண்டுமென்றால் முதுகைச் சூடாக்கிப் பசையை இளக்கித் தாள் தாளாகப் பிரிக்க வேண்டும், இல்லையேல் முதுகோடு சேர்த்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் அறுக்க வேண்டும். பழுப்பேறிய அமிலத் தாள் அந்தப் பாட்டைத் தாங்காது. இப்போது மறுபதிப்பே வராத புத்தகத்தை யார் துணிந்து அறுப்பார்? ஒரு பிரதியைக் கொன்றால்தான் இன்னொரு பிரதி சரியாகப் பிறக்கும் என்ற நிலையில் வாசகரை நிறுத்தியிருக்கிறீர்கள். ஆகவே மறுபடியும் கேட்கிறோம்: அச்சுக்கு விடுங்கள்.

இதில் வாசகர் சண்டைகளுக்கும் குறைவில்லை. காதல் கதையின் முதல் நாயகன் நரி வேட்டையில் குதிரையிலிருந்து விழுந்து சாகலாமா என்று அந்தோனிக்காக அழுதவர்கள் ஒரு பக்கம். கேண்டி கடைசியில் சேர்ந்தது யாரோடு என்று டெரி அணி, ஆல்பர்ட் அணியாகப் பிரிந்து நிற்பவர்கள் மறுபக்கம். 2010இல் கதாசிரியர் நாகிதா கெய்கோ என்ற பெயரில் எழுதிய ‘ஃபைனல் ஸ்டோரி’ நாவலில், முப்பதைத் தாண்டிய கேண்டி இங்கிலாந்தில் ஏவன் ஆற்றங்கரையில் “அந்த மனிதரோடு” வாழ்கிறாள். பெயர் மட்டும் வராது. ஏவன் ஷேக்ஸ்பியரின் ஆறு, டெரி நாடக நடிகன், இதற்குமேல் என்ன சாட்சி என்கிறது ஒரு அணி. சிறுவயதில் கேண்டி கண்ட, குன்றின் மேல் பேக்பைப் வாசித்த இளவரசன் ஆல்பர்ட்தான் என்று மங்காவே முடிக்கிறதே என்கிறது மற்றது. அருமையான சச்சரவு. ஆனால் சாட்சியைச் சரிபார்க்கப் படம் வேண்டுமே! நாவலில் படமில்லை, படமிருக்கும் மங்கா கடையில் இல்லை.

காரணம் தெரியாமலில்லை. மங்கா, கதாசிரியரின் கதையிலிருந்து பிறந்த வழிப்படைப்பு. ஆகவே கேண்டியின் தனிப்படம் ஒன்றை வெளியிடவும் அவர் இசைவு வேண்டும் என்று 2001 அக்டோபர் 25 அன்று ஜப்பான் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஓவியரின் கோடுகளை அவர் இசைவில்லாமல் அச்சிடவும் முடியாது. ஒரே பெட்டிக்கு இரண்டு சாவி. தீர்ப்பு சரியா என்று நாங்கள் வழக்காட வரவில்லை. எழுதியவரின் உரிமை உறுதியானதில் எங்களுக்கு மகிழ்ச்சியே. உரிமை பத்திரமாக இருக்கிறது, படைப்புத்தான் தாள் தாளாக உதிர்கிறது. தோயெய் எடுத்த 115 அத்தியாய அனிமேவும் அதே பூட்டுக்குள்தான் கிடக்கிறது.

உங்கள் இருவர் கையிலும் இல்லாதபோது கதை எப்படியெல்லாம் திரியும் என்பதற்கு இத்தாலி சாட்சி. 1980களில் அங்கே மூல மங்கா தீர்ந்ததும், உள்ளூர் ஓவியர்களை வைத்தே மேற்கொண்டு கதை வரைந்து விற்றார்கள். இன்று அதற்குப் பதிப்பகம்கூட வேண்டாம், ஒரு கைப்பேசி போதும்.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருளுங்கள். நீங்கள் ஒரே மேடையில் நிற்க வேண்டும் என்றோ, தொடர்கதை எழுத வேண்டும் என்றோ கேட்கவில்லை. பொம்மையும் பென்சில் பெட்டியும் வேண்டாம். மறுபதிப்புக்கு மட்டும் தனி ஒப்பந்தம் போதும்: இருவர் பெயரும் அட்டையில் சமமான அளவில், வருமானப் பங்கு நீங்கள் முடிவு செய்தபடி, மற்ற உரிமைகள் இன்று இருப்பதுபோலவே. மூலத்தாள்கள் கைக்கு எட்டினால் அவற்றிலிருந்தும், எட்டாவிட்டால் பழைய அச்சுப் படலத்திலிருந்தும் 1200 டிபிஐயில் புதிதாக எடுக்கச் சொல்லுங்கள். இதழில் வண்ணத்தில் வந்து, தொகுதியில் சாம்பல் நிறமாகிப்போன தொடக்கப் பக்கங்களையும் இந்த முறை வண்ணத்திலேயே சேர்க்கும்படி தயவுசெய்து கேட்டுக்கொள்கிறோம்.

பணிவன்புடன்,
இரு அணி வாசகர்களும்