கிணற்றுமேட்டில் நிற்கும் இரண்டு கல்

கண்ணு,

நேற்று வீடியோ காலில் "கிணத்துமேட்டுல அந்த ரெண்டு கல் எதுக்குப்பா நிக்குது?" என்று கேட்டாய், நான் வாயைத் திறப்பதற்குள் சிக்னல் போய்விட்டது. அதான் எழுதுகிறேன்.

அங்கேதான் உன் அப்பாரு, அதாவது என் அப்பா, கவலை ஓட்டினார். காளை பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைப்பதைத்தான் கவலை என்போம். தண்ணீர் மொள்ள இரும்புச் சால், அதன் அடியில் யானைத் தும்பிக்கை மாதிரி தோலில் ஒரு வால். சாலில் கட்டிய வடம் மேலே, அந்தக் கற்களுக்கு நடுவிலிருந்த பெரிய உருளை வழியாக வரும். வால்கயிறு கீழே, தொட்டி விளிம்பில் இருந்த சின்ன உருளை வழியாக வரும். இரண்டும் நுகத்தடியில்தான் முடியும். காளைகள் சரிவில் இறங்க இறங்கச் சால் மேலே வரும், அதுவரைக்கும் வால்கயிறு வாலை மேல்நோக்கி மடித்தே பிடித்திருப்பதால் தண்ணீர் சிந்தாது. சால் தொட்டியைத் தாண்டி உயரே போனதும் வாலின் வாய் மட்டும் சின்ன உருளைமேல் இழுபட்டு, தொட்டிக்குள் கொட்டிவிடும். கிணற்றருகே யாரும் நிற்கவே வேண்டாம், கண்ணு! அந்தக் கயிறுகளின் அளவு ஒரு முழம் பிசகினாலும் வேலை கெட்டுவிடும், அதை அளந்து கட்டியவர் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். நீ இன்ஜினியர், உனக்கு இது புரியும்.

இறங்கும்போது அப்பாரு வடத்தின்மேல் உட்கார்ந்துகொள்வார், அவர் பாரமும் சேர்ந்து இழுக்கும். என்னையும் சில நாள் மடியில் வைத்துக்கொள்வார். அப்புறம் காளைகள் பின்னாலேயே நடந்து சரிவில் ஏற வேண்டும், அதுதான் பாவம். காங்கேயம் காளைதான், ஆனாலும் கழுத்துத் தோல் உரிந்துபோகும், ராத்திரி வேப்பெண்ணெய் தடவுவார். வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டுமென்று விடியுமுன்னே பூட்டிவிடுவார்கள். அப்பத்தா வயலில் தண்ணீர் கட்டுவார்.

நீலகிரி பைக்காரா நீர்மின் நிலையத்து மின்சாரம் கோவைக்கு 1930களிலேயே வந்துவிட்டது, நம் தோட்டத்துக்குக் கம்பி வந்தது நான் ஆறாவது படிக்கும்போதுதான். மோட்டார் போட்ட அன்று அப்பாரு சந்தோஷமாகத்தான் இருந்தார், காளைகளுக்கு ஓய்வு என்று.

தூணின் தலையில் உருளை அச்சு உட்கார்ந்த குழி இன்னும் வழவழவென்று இருக்கிறது. கல்லை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தார், தரமாட்டேன் என்றுவிட்டேன்.

நான் சொன்னதை வைத்து ஒரு படம் வரைந்து அனுப்பு, சாமி. வால்கயிறு போகிற வழி சரியா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அப்பா