ரெட் டெவிலா, மிடாஸா?

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதமும் மீன் படங்களும் வந்து சேர்ந்தன. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி; தங்கச்சியிடமும் சொல். இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து, மாலையில் தெருமுனை வரை நடந்துவிட்டு வருகிறார்.

இனி நீ கேட்ட விஷயம். கடைக்காரர் ரெட் டெவில் என்ற இனம் என்று கொடுத்த தொட்டி மீனை, உன் அண்ணன் மகன் மிடாஸ் என்ற வேறு இனம் என்கிறான். ஆரஞ்சு நிறத்தையும் நெற்றிக் கொண்டையையும் அவன் சான்றாகக் காட்டுகிறான். இரண்டுமே இதில் உதவாது.

இரண்டும் மத்திய அமெரிக்காவில் உள்ள நிகரகுவா நாட்டுப் பெரிய ஏரிகளின் மீன்கள். 1864இல் இரண்டுக்கும் அறிவியல் பெயர் சூட்டியவரும் ஆல்பர்ட் குந்தர் என்ற ஒருவரே. குஞ்சுகள் இரண்டிலும் சாம்பல் நிறம், உடலில் கறுப்புப் பட்டைகள். வளர வளரச் சிலவற்றுக்கு மட்டும் அந்தக் கறுப்பு திட்டுத் திட்டாகக் கலைந்து, அடியிலிருந்து ஆரஞ்சோ மஞ்சளோ வெளியே வரும். துடுப்பு ஓரத்திலும் உதட்டிலும் கறுப்பு கொஞ்சம் தங்கிவிடுவதும் உண்டு. உன் மீனின் வால் ஓரத்தில் இருப்பது அதுதான், நோய் என்று பயப்படாதே. ஏரியில் பெரும்பாலானவை கடைசிவரை சாம்பலாகவே இருக்கும். நிறம் மாறியவைதான் கடையில் விலை போகின்றன.

கொண்டையும் அப்படியே. ஏரியில் அது இனப்பெருக்கக் காலத்தில் புடைத்து, பிறகு வற்றிவிடும். தொட்டியில் வயிறாரத் தின்னும் ஆண் மீனுக்கு ஆண்டு முழுவதும் நிற்கும்.

உதட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஏரியில் வாழும் ரெட் டெவிலுக்கு உதடுகள் தடித்து, சதைப்பற்றாக, நடுவில் மடல்போல் நீண்டிருக்கும். பாறை இடுக்கில் வாயைப் பொருத்தி, உள்ளே ஒளிந்திருக்கும் பூச்சிகளை உறிஞ்சி எடுக்க அவை உதவுகின்றன. குருணைத் தீவனம் தின்று தொட்டியில் வளர்ந்தால் அதே உதடு சிறுத்துவிடுகிறது. அதனால் மெல்லிய உதட்டைப் பார்த்து ரெட் டெவில் இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

நான் நம்புவது தலையின் வடிவத்தை. மீன் கண்ணாடிக்கு இணையாக நிற்கும்போது, மேலுதட்டிலிருந்து முதுகுத் துடுப்பின் தொடக்கம் வரை ஓடும் கோட்டைப் பார். கொண்டையை மனத்தில் கழித்துவிடு. ரெட் டெவிலுக்கு முகம் கூம்பி முன்னே நீளும், உடலும் ஒடுங்கியிருக்கும். மிடாஸுக்கு முகம் மழுங்கி, உடல் உயர்ந்து பருத்திருக்கும். உன் மீனுக்கோ முகம் ஒன்றைப் போல, உடல் மற்றொன்றைப் போல. இரண்டையும் கலந்து வளர்த்த வம்சம் என்றே நினைக்கிறேன். இந்தப் பெயர்களில் கடைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை அப்படித்தான்.

இந்த மீன் குடும்பத்தைப் பிரித்தறிவது அறிஞர்களுக்கே எளிதில்லை. அதே நாட்டில் அபோயோ என்று ஓர் எரிமலைவாய் ஏரி இருக்கிறது. அந்தச் சிறிய ஏரிக்குள் மட்டும் மிடாஸின் உறவினங்கள் ஆறு. அவற்றில் நீண்ட உடல்கொண்ட சாலியோசஸ் ஏரியின் நடுநீரில் திரிவது. அதற்கு 1976இல் பெயரிட்டார்கள். மற்ற ஐந்தும் 2008இலும் 2010இலும்தான் தனித்தனிப் பெயர் பெற்றன. வெளியிலிருந்து வந்த ஒரே மூதாதையிடமிருந்து, ஏரிக்குள்ளேயே சாலியோசஸ் பிரிந்தது என்று 2006இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த ஆய்வு காட்டியது. எனக்கு இது எத்தனை முறை நினைத்தாலும் அலுக்காத செய்தி. உடலை அளந்தும் மரபணுவைப் பார்த்தும் பிரிக்க வேண்டிய இந்தக் கூட்டத்தில், எந்த ஏரியில் பிடித்தது என்றே தெரியாத கடை மீனுக்கு நிச்சயமாக ஒரு பெயர் சொல்ல யாராலும் இயலாது.

அதனால் ஒரு வேண்டுகோள். ஜோடி சேர்ந்து குஞ்சு பொரித்தால், கேட்பவர்களிடம் கலப்பு என்றே சொல்லிக் கொடு. ரெட் டெவில் என்று ஒருமுறை கைமாறிவிட்டால், சுத்தமான வம்சத்தைக் கஷ்டப்பட்டுக் காப்பாற்றி வைத்திருப்பவரின் தொட்டிக்குள்ளும் அது போய்ச் சேரும்.

ஜோடிக்கு அவசரப்படாதே. இவை அடித்தே கொன்றுவிடும் சாதி. தொட்டி 500 லிட்டராவது இருக்கட்டும். நடுவில் துளையிட்ட தடுப்பு வைத்துச் சில வாரம் ஒன்றையொன்று பார்க்கவிடு. அதற்கு முன், உன்னுடையது ஆணா பெண்ணா என்று உறுதி செய்ய வேண்டும். அடிவயிற்றில், மலவாய்க்குப் பின்னால் ஒரு சிறு முனை தெரியும்: ஆணுக்குக் கூர்மை, பெண்ணுக்கு அகன்று மழுங்கல். அந்த இடத்தைத் தெளிவாகப் படமெடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்