அறுந்த இழையை எத்தனை மணி நேரத்தில் ஒட்டுகிறோம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்னையில் தெருத்தெருவாக, வீட்டு வாசல் வரைக்கும் கண்ணாடி இழை இணையம் போய்க்கொண்டிருப்பதைப் பற்றி உங்கள் நாளிதழில் படித்தேன். வேளச்சேரியில் இருக்கும் என் மூத்த மகள் வீட்டுக்கு அந்த இணைப்பு வந்த நாளில் நானும் அங்கே இருந்தேன். முதல் நாள் மாலை பதிவு செய்தாள். மறுநாள் பகல் சாப்பாட்டுக்கு முன்பே இரண்டு பையன்கள் வந்தார்கள். மூன்றாவது மாடிக்குக் கேபிளை இழுத்து, முனையைச் சீவி, கருவியில் செருகிப் பச்சை விளக்கை எரியவிட்டார்கள். தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். நான் தொலைபேசித் துறையில் 33 ஆண்டுகள் வேலை பார்த்தவன்; அறுந்த கேபிளை ஒட்டும் ஜாயிண்டர். அவர்கள் கை போன வேகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மனம் நிறைந்திருந்தது. நகரத்துக்குக் கிடைத்ததைக் குறை சொல்வதற்காக இந்தக் கடிதத்தை எழுதவில்லை.

என் ஊர் ராமேசுவரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடம். 1986இல் தொலைபேசித் துறையில் மஸ்தூராக, அதாவது கூலியாளாகச் சேர்ந்து, ஜாயிண்டராகி, 2020 ஜனவரியில் விருப்ப ஓய்வில் வந்தேன். மண்டபம், உச்சிப்புளி, பாம்பன், ராமேசுவரம் என்று இந்தப் பக்கம் நான் குழிக்குள் இறங்காத சாலை இல்லை. நூறு ஜோடிச் செம்புக் கம்பிகளைக் கொண்ட கேபிள் அறுந்தால், வெள்ளையோடு நீலம், வெள்ளையோடு ஆரஞ்சு, வெள்ளையோடு பச்சை என்று நிறம் பார்த்து ஒவ்வொரு ஜோடியாக ஒட்ட வேண்டும். ஒரு ஜோடி மாறினாலும் ஒருவர் வீட்டு மணி இன்னொருவர் வீட்டில் அடிக்கும்.

கடற்கரையில் செம்பு நிற்காது. நகரத்தில் இருப்பவர்களுக்கு இதைச் சொன்னால் புரியாது. இங்கே வீசும் உப்புக் காற்றில், ஒட்டிய இடத்தில் ஒரு ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் போதும். ஆறே மாதத்தில் களிம்பு ஏறிவிடும். தொலைபேசியை எடுத்தால் அடுப்பில் கருவாடு பொரிவதுபோல இரைச்சல் கேட்கும். ஐப்பசி மழைக்கு அது முற்றாகச் செத்துவிடும். என் பணிக்காலத்தில் பாதி, ஒட்டியதையே திரும்ப ஒட்டுவதில் போயிற்று. அதே செம்புக் கம்பியில் பிறகு இணையத்தை ஓட்டியபோது இன்னொரு குறை சேர்ந்துகொண்டது. எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு தள்ளிப் போகப் போக வேகம் விழுந்துகொண்டே போகும். கடலோரக் குடியிருப்புகள் எல்லாம் கடைசியில்தான் இருக்கும்.

அதனால் கண்ணாடி இழையை முதன்முதலில் கையில் வாங்கியபோது நான் உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். கண்ணாடியில் களிம்பு ஏறாது. மின்னல் அதன் வழியே வீட்டுக்குள் வராது. ஒளி ஓடும் நடுப்பகுதி ஒரு மீட்டரை ஒரு லட்சமாகப் பகுத்தால் வரும் ஒரு பங்கை விடவும் சற்று மெல்லியது, தலைமுடியில் பல மடங்கு குறைவு. ஒரு சின்ன விஷயம், ஆனால் என் போன்ற பழைய ஆட்களுக்கு நெஞ்சில் தைத்த விஷயம்: இழைகளின் நிறவரிசை நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா என்று போகிறது. செம்பில் நாங்கள் மனப்பாடம் செய்திருந்த அதே பத்து நிறங்கள். எங்கள் தொழில் எங்களோடு முடிந்துவிடவில்லை என்று தோன்றியது.

இந்தத் தொழில்நுட்பம் சிறிய ஊர்களுக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. எக்ஸ்சேஞ்சில் வைக்கும் ஒரு கருவியிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வரைக்கும் வீடுகளுக்கு ஒளியை அனுப்பலாம். ஒரே இழையைப் பிரித்து 32 வீடுகளுக்கோ 64 வீடுகளுக்கோ கொடுக்கலாம். பிரிக்கும் அந்தச் சிறு பெட்டிக்கு மின்சாரமே தேவையில்லை. தங்கச்சிமடத்தில் ஒரு கருவியை வைத்தால் பாம்பனும் ராமேசுவரமும் அந்த எல்லைக்குள் அடங்கிவிடும். ஆகவே இங்கே முடியாது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இப்போது நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஆடியில், கச்சான் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை மதியம் எங்கள் தெருவில் இழை இணைப்பு இருக்கும் எல்லார் வீட்டுக் கருவியிலும் சிவப்பு விளக்கு எரிந்தது. உச்சிப்புளிப் பக்கம் குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டிய மண்வெட்டி இயந்திரம் கேபிளை அறுத்துவிட்டது. செல்போன் இருக்கிறதே என்று கேட்பார்கள். செல்போன் கோபுரத்துக்கும் பின்னால் இருந்து உயிர் கொடுப்பது பெரும்பாலும் இப்படி ஓர் இழைதான். கோபுரம் நின்றது, சமிக்ஞைக் கோடுகளும் தெரிந்தன, ஆனால் ஒரு படம்கூட இறங்கவில்லை. நண்டு வாங்கும் கடையில் ரொக்கம் இல்லாதவர்கள் திரும்பிப் போனார்கள்.

எனக்கு அடுத்த வீட்டில் ஒரு மீனவர் குடும்பம். அந்தப் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையவழியில்தான் நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அவள் விருப்பப் பட்டியலைப் பதிவு செய்ய வேண்டிய நாட்கள் அந்த வாரத்தில்தான் வந்தன. செவ்வாய்க்கிழமை இரவு மொட்டை மாடியில் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். புதன்கிழமை விடிகாலை தகப்பனும் மகளும் பஸ் ஏறி ராமநாதபுரம் போய், ஒரு கணினி மையத்தில் உட்கார்ந்து பதிவு செய்துவிட்டு வந்தார்கள். அன்று தகப்பன் கடலுக்குப் போகவில்லை. 61 நாள் தடைக்காலம் முடிந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஒரு நாள் தொழிலின் மதிப்பு அந்த வீட்டில் எவ்வளவு என்பதை இந்தக் கரையில் எல்லாரும் அறிவோம்.

வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாமல் நான் புதன்கிழமை பஸ்ஸில் போய் அந்தப் பள்ளத்தைப் பார்த்தேன். கேபிள் அறுந்து நுனி விரிந்து கிடந்தது. பக்கத்திலேயே இன்னொரு கேபிளும் அறுந்து கிடந்தது. அது வேறொரு நிறுவனத்தினுடையது. இருவரும் ஒரே பள்ளத்தில் போட்டிருக்கிறார்கள். ஓர் இணைப்பு போனால் இன்னொன்று காப்பாற்றும் என்று நம்பி இரண்டுக்கும் பணம் கட்டிய கடைக்காரர்கள் எங்கள் ஊரில் உண்டு. மண்வெட்டி இயந்திரத்தை ஓட்டிய பையன் முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரன். "ஐயா, இங்கே கேபிள் இருப்பதாக யாரும் எனக்குச் சொல்லவில்லை" என்று கலங்கிப்போய் நின்றான். அவன் சொன்னது உண்மை. அந்த இடத்தில் ஒரு வழிக்கல்கூட இல்லை. நாங்கள் கேபிள் புதைத்தால் மேலே செங்கல் அடுக்கி, ஓரத்தில் கல் நடுவோம். பிற்பாடு தோண்டுகிறவன் செங்கல்லைக் கண்டதும் கடப்பாரையை நிறுத்துவான். தோண்டுகிறவர்கள் முன்கூட்டியே தகவல் சொல்ல 2023 மார்ச்சில் மத்திய அரசு ஒரு செயலியைத் தொடங்கியது. ஒப்பந்தக்காரர்கள் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அதைப் பயன்படுத்தும்படி மாவட்ட நிர்வாகம் கட்டாயம் செய்ய வேண்டும்.

இழைகளை ஒட்டி முடித்தது வியாழக்கிழமை மாலை. நான் மறுபடியும் போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தேன். இழையின் மேலுறையை உரித்து, ஆல்கஹாலில் துடைத்து, நேராக வெட்டி, இயந்திரத்தில் இரு முனைகளையும் வைத்தால் அதுவே பார்த்துப் பொருத்தி, ஒரு பொறியில் உருக்கி ஒட்டிவிடுகிறது. மொத்த வேலையும் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்தது. மீதி மூன்று நாளும் என்ன நடந்தது என்றால், அந்த இயந்திரமும் அதை இயக்கத் தெரிந்த ஆளும் மதுரையிலிருந்து வரவேண்டியிருந்தது. வேறு இரண்டு இடங்களில் ஒட்டிவிட்டு வர மூன்று நாள் ஆயிற்று. வந்த பிள்ளை இரவெல்லாம் தூங்கவில்லை என்று அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அரசாங்கத்தின் பாரத்நெட் திட்டம் 2011இல் வேறு பெயரில் ஒப்புதல் பெற்றது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கு இழை கொண்டுபோகும் பணி நடக்கிறது. எங்கள் மாவட்டத்தில் மட்டும் 429 ஊராட்சிகள். சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் கேபிள் போட்டு 2020 ஆகஸ்டில் திறந்தார்கள். இவையெல்லாம் பெரிய காரியங்கள், நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் எந்தச் செய்தியைப் பார்த்தாலும் எத்தனை கிலோமீட்டர், எத்தனை ஊராட்சி, எத்தனை மெகாபிட் வேகம் என்றுதான் இருக்கிறது. அறுந்தால் எத்தனை மணி நேரத்தில் ஒட்டப்பட்டது என்ற கணக்கை ஊர் ஊராக, மாதாமாதம் வெளியிட வேண்டும் என்று கேட்கிறேன். சென்னையில் ஒரு வழி போனால் சுற்றி வர வேறு வழி இருக்கிறது, ஒட்டுவதற்கு அதே பேட்டையில் ஆள் இருக்கிறான். அங்கே இந்தக் கணக்கு அவ்வளவாகத் தேவைப்படாது. எங்களைப் போல் சாலையின் கடைசியில் இருப்பவர்களுக்கு அதுதான் எல்லாம்.

1964 டிசம்பர் புயலில் நான் ஏழு மாதக் குழந்தை. அந்த 22ஆம் தேதி இரவு தனுஷ்கோடி அழிந்து, பாம்பன் பாலம் உடைந்து, தந்தியும் அறுந்து, தீவு முழுக்க வெளியுலகம் தெரியாமல் கிடந்ததை என் தகப்பனார் சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். அதே வாயால் இன்னொன்றையும் சொல்வார்: ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் பாலத்தை 46 நாளில் சீர்செய்து ரயிலை ஓடவிட்டார் என்பதை. பாலம் எத்தனை அடி நீளம் என்று கேட்டால் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியாது. 46 நாள் என்பது தெரியும்.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய செம்புத் தொலைபேசிக்கு எக்ஸ்சேஞ்சில் இருந்த பேட்டரியே மின்சாரம் கொடுத்தது. ஊரே இருட்டில் கிடந்தாலும் அது பேசும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. வீட்டுக் கருவிக்கு வீட்டு மின்சாரம்தான் வேண்டும், அது போனால் தொலைபேசியும் போயிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தின்போது வேளச்சேரியில் என் மகளோடு இரண்டு நாள் பேச முடியவில்லை. அவ்வளவு வசதி இருக்கிற நகரத்திலேயே இந்த நிலை. 2018 கஜா புயலுக்குப் பிறகு நாகப்பட்டினம், புதுக்கோட்டைப் பக்கம் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அது கொஞ்சம் தெற்கே திரும்பியிருந்தால் நாங்கள்தான். கீழக்கரை, பெரியபட்டினம் போன்ற ஊர்களில் பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் இருக்க, வயதான தாய் தகப்பன் தனியாக இருக்கும் வீடுகள் எத்தனையோ. செம்பை எடுத்துவிட்டு இழையைக் கொடுக்கும்போது, கருவிக்குச் சில மணி நேரம் தாங்கும் சின்ன பேட்டரியையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். கடைகளில் கிடைக்கும் சாதாரணப் பொருள்தான் அது. எக்ஸ்சேஞ்சுகளில் டீசல் இருக்கிறதா என்பதை ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசிக்குள் பார்த்துவைக்க வேண்டும்.

தீவுக்குள் எந்தக் கேபிள் வந்தாலும் பாம்பனைத் தாண்டித்தான் வரவேண்டும். 1988இல் திறந்த சாலைப் பாலம் இருக்கிறது, 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலமும் இருக்கிறது. இரண்டிலும் தனித்தனியே இழை போக வேண்டும், மண்டபத்திலிருந்து ராமநாதபுரம் வரைக்கும் சாலையின் ஒரே பக்கத்தில், ஒரே பள்ளத்தில் இரண்டையும் போடக் கூடாது. ஒட்டும் இயந்திரம் ஒன்றும் பழகிய ஆட்கள் இருவரும் மண்டபத்தில் எப்போதும் இருக்க வேண்டும். 237 கிலோமீட்டர் கடற்கரை உள்ள மாவட்டம் இது. தொண்டிப் பக்கத்துக்கு ஒன்று, சாயல்குடிப் பக்கத்துக்கு ஒன்று என்று சேர்த்து மூன்று இயந்திரங்களைக் கேட்பது அதிகம் என்று நான் நினைக்கவில்லை.

ஆள் கிடைக்கவில்லை என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். வலையில் அறுந்த கண்ணிகளை மங்கிய வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பின்னும் கைகள் இந்தக் கரை முழுக்க இருக்கின்றன. எங்கள் தெருவிலேயே நான்கு பிள்ளைகள், ஆணும் பெண்ணுமாக, கற்றுக்கொள்ள வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். என் வீட்டுத் திண்ணை அகலமானது, காற்று மறைவானது. பழகுவதற்குத் துண்டுக் கேபிள்கள் என்னிடம் ஒரு சாக்கு நிறைய இருக்கின்றன. ஒட்டும் இயந்திரத்தை மாதத்தில் பத்து நாள் யாராவது தந்தால் ஊதியம் எதுவும் வாங்காமல் கற்றுக்கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கேபிள் ஜாயிண்டர்,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்.